தலைக்கோலும் தலைக்கட்டும்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பஞ்சாயத்து தொடங்கிவிடும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்குள் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. அம்மன் பொங்கலுக்கு நாடகம் வைப்பதா, ஆடல் பாடல் வைப்பதா என்பதுதான் பஞ்சாயத்து. இளவட்டங்கள் எல்லாம் ஆடல் பாடல் கட்சி. "வள்ளி திருமணத்தையே எத்தனை வருசம்யா பாக்குறது?" என்று ஒருத்தன் வாய்ஸ் மெசேஜ் போட்டான். எழுபதைத் தாண்டிய எங்கள் சின்னையா ஒருத்தர் பேரனிடம் போனை வாங்கிப் பதில் சொன்னார்: "ஏப்பா, ஆடல் பாடல் ஒங்களுக்கு. நாடகம் ஆத்தாவுக்கு. அவ பாக்கணும்ல?"

பெங்களூரில் ஆபீஸ் கேப் வண்டியில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். சிரித்துவிட்டு போனைப் பைக்குள் போட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மண்டையை விட்டுப் போகவில்லை. ஒரு நாடகம் யாருக்காக நடக்கிறது? முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் யார்? காசு கொடுப்பவரும் பார்ப்பவரும் ஒரே ஆளா? தமிழ் நாடக வரலாற்றை இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு ஆறு மாதம் சனி, ஞாயிறுகளில் தேடியதுதான் இந்தப் பதிவு.

வேந்தனுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று

கூத்தில் இரண்டு வகை உண்டு என்று சிலப்பதிகாரமே சொல்கிறது. வேத்தியல், பொதுவியல். வேந்தன் முன்னால் ஆடுவது வேத்தியல். எல்லோருக்கும் ஆடுவது பொதுவியல். மதுரை நகரத்தை வருணிக்கிற ஊர்காண் காதையில் இந்தச் சொற்கள் வருகின்றன. பார்வையாளரை வைத்துக் கலையைப் பிரித்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கதையை வைத்தோ, பாட்டை வைத்தோ பிரிக்கவில்லை.

வேத்தியலுக்கு நல்ல எடுத்துக்காட்டு மாதவியின் அரங்கேற்றம். அரங்கேற்று காதையில் மேடைக்கு அளவே கொடுத்திருக்கிறார் இளங்கோ. இருபத்து நான்கு பெருவிரல் அகலம் ஒரு கோல். மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். நமக்குத்தான் கணக்குப் போடாமல் இருக்க முடியாதே. ஒரு பெருவிரலை 2 செ.மீ. என்று வைத்தால் சுமார் 11 அடிக்குப் பன்னிரண்டரை அடி வருகிறது. வாசல் இரண்டு, திரை மூன்று, தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு.

அந்த மேடைக்கு முதலில் வருவது மாதவி இல்லை, தலைக்கோல். போரில் தோற்ற அரசனின் வெண்கொற்றக் குடையிலிருந்து எடுத்த காம்பு அது. பொன் தகடு சுற்றி, மணி பதித்து, அரண்மனையில் வைத்து வழிபட்டு, யானைமேல் ஏற்றிக் கொண்டுவந்து அரங்கில் வைக்கிறார்கள். ஆடப்போவது ஒரு பெண்; ஆனால் மேடையில் முதலில் ஏறுவது ராஜாவின் வெற்றி. ஆடி முடித்ததும் அரசன் கொடுத்தது பச்சை மாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும். மாதவிக்குக் கிடைத்த தலைக்கோலி என்ற பட்டம், பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் ஆடல் மகளிரின் பெயர்களோடும் வருகிறது.

அதே நூலில் ஆய்ச்சியர் குரவையும் இருக்கிறது. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயந்த இடைக்குலப் பெண்கள் ஏழு பேர் கைகோத்து ஆடுகிறார்கள். அங்கே அரசன் கிடையாது, பொன் கிடையாது. அந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டியவன் கண்ணன். பக்கத்தில் நின்று பார்ப்பவள் கண்ணகி. இந்த இடத்துக்கு வந்தபோதுதான் சின்னையா சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது. பொதுவியலிலும் முன்வரிசை காலியாக இல்லை. அங்கே சாமி உட்கார்ந்திருக்கிறது.

120 கலம் நெல்

ராஜாவும் சாமியும் ஒரே முன்வரிசையில் உட்கார்ந்ததற்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் கல்வெட்டுச் சான்று இருக்கிறது. ராஜராஜனின் பேரன் இரண்டாம் ராஜேந்திரன் காலத்தது, பதினொன்றாம் நூற்றாண்டு. வைகாசித் திருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் ஆன விஜயராஜேந்திர ஆச்சாரியன் என்பவருக்கும் அவர் வம்சத்துக்கும் ஆண்டுதோறும் 120 கலம் நெல் என்று வெட்டியிருக்கிறார்கள்.

நாடகத்தின் ஒரு வரிகூட இன்று நம்மிடம் இல்லை. நடிகருக்கு எவ்வளவு கூலி என்பது மட்டும் கல்லில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைப் பாருங்கள். ராஜராஜேஸ்வரம் என்பது கோயிலின் பெயர். அந்தப் பெயருக்குள்ளேயே ராஜா இருக்கிறார். ஊர் ஜனம் திருவிழாவுக்கு வந்து பார்த்திருப்பார்கள். நெல் கொடுப்பது அரசு. நம் மொழியில் கோயில் என்றால் ராஜா வீடும்தான், சாமி வீடும்தான். இறை என்றாலும் அப்படியே.

அரசன் பார்வையாளனாக இருப்பதை ஓவியமாகப் பார்க்க எங்கள் பக்கத்திலேயே ஓர் இடம் உண்டு. ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள். போர், பட்டாபிஷேகம், ராமாயணம் எல்லாவற்றோடும் ராஜா உட்கார்ந்து நடனம் பார்க்கிற காட்சியும் இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் அன்றைக்குச் சேதுபதி சீமைதான். வெயிலில் ராமநாதபுரம் வரை பைக்கில் போய் அந்தச் சுவர் முன்னால் நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்று: இந்தப் படத்தில் ஆட்டத்தைப் பார்க்கிறவரைத்தான் நாம் பார்க்கிறோம்.

லண்டனில் ஒரு பென்னி

இங்கிலாந்திலும் இதே கதை ஓடியிருக்கிறது. 1572-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பெரிய பிரபு யாருக்காவது ஆளாக இல்லாத கூத்தாடியை நாடோடி என்று பிடித்துத் தண்டிக்கலாம். அதனால் ஒவ்வொரு குழுவும் ஒரு பிரபுவின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஷேக்ஸ்பியர் இருந்த குழு முதலில் சேம்பர்லின் பிரபுவின் ஆட்கள். 1603-இல் முதலாம் ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்ததும் மன்னரின் ஆட்கள்.

பெயர்தான் மன்னருடையது, சோறு போட்டது ஊர். 1599-இல் கட்டிய குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்தால் திறந்த வெளியில் நின்றுகொண்டு பார்க்கலாம். இன்னொரு பென்னி கொடுத்தால் உட்கார இடம். கிறிஸ்துமஸ் காலத்தில் அதே குழு அதே நாடகங்களை அரண்மனையில் ராணிக்கு ஆடிக் காட்டும். ஒரே நாடகம் வேத்தியலாகவும் பொதுவியலாகவும் இருந்தது.

இதில் இருந்த ஆபத்து 1601 பிப்ரவரியில் தெரிந்தது. எஸ்ஸெக்ஸ் பிரபுவின் ஆட்கள் நாற்பது ஷில்லிங் கூடுதலாகத் தருகிறோம் என்று சொல்லி, இரண்டாம் ரிச்சர்ட் நாடகத்தைக் குளோப்பில் போடச் சொன்னார்கள். ஒரு ராஜாவைப் பட்டத்திலிருந்து இறக்குகிற கதை. மறுநாளே எஸ்ஸெக்ஸ் கலகம் செய்தார்; தோற்றார். நடிகர்களைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். எஸ்ஸெக்ஸ் தலை வெட்டப்படுவதற்கு முந்தைய இரவு அதே குழு எலிசபெத் ராணி முன்னால் ஆடியது. சென்னைத் தமிழில் சொன்னால், செம தில்லு.

ஜேம்ஸ் காலத்தில் அரண்மனைக்கென்று தனியாக மாஸ்க் என்ற ஆடம்பரக் கூத்து வளர்ந்தது. இனிகோ ஜோன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் தூரம், ஆழம் எல்லாம் தெரிகிற மாதிரி காட்சித் திரை அமைத்தார். அந்தக் காட்சி ஒரே ஒரு இடத்திலிருந்து பார்த்தால்தான் கச்சிதமாகத் தெரியும். அது ராஜாவின் நாற்காலி. 1605-இல் ஆக்ஸ்போர்டில் இப்படி நாற்காலி போட்டபோது, அந்த இடத்தில் உட்கார்ந்தால் ஜனங்களுக்கு ராஜாவின் கன்னம் மட்டும்தான் தெரியும் என்று அரண்மனை ஆட்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ராஜா நன்றாகப் பார்ப்பதைவிட ராஜா நன்றாகத் தெரிவது முக்கியம். நாற்காலியை மாற்றிப் போட்டார்கள்.

ஜேம்ஸின் மகன் முதலாம் சார்லஸ் தானே மாஸ்க்கில் ஆடியவர். 1642-இல் நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது. 1649 ஜனவரி 30 அன்று, மாஸ்க் ஆடுவதற்கென்று கட்டிய அதே விருந்து மண்டபத்தின் வழியாக சார்லஸை நடத்திக் கூட்டிக்கொண்டு போய், வெளியே போட்டிருந்த மேடையில் ஏற்றித் தலையை வெட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்தது ஊர் ஜனம்.

ராஜா மேடைக்கு ஏறிவிட்டார்

நம்மூரில் இவ்வளவு ரத்தம் இல்லாமல் இந்த இடமாற்றம் நடந்தது. 1803-இல் ராமநாதபுரம் கும்பினி ஆட்சியின் கீழ் ஜமீனாக மாறியது. கலைக்குக் கொடுக்க ராஜாக்களிடம் முன்போல வசதியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நாடகக் கம்பெனிகள் வந்தன. கொட்டகை போட்டு டிக்கெட் விற்றார்கள். டிக்கெட் வாங்குகிறவன்தான் இனி எஜமான்.

இங்கேயும் உடனே இரண்டு வரிசை உண்டானது. 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் அதிகாரிகளும் பொழுதுபோக்காக நடிக்கிற சபை. ஹாம்லெட்டை அமலாதித்யன் என்று அவர் தமிழாக்கினார். இன்னொரு பக்கம், தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று இன்றும் கரிசல் காட்டில் ஆடுகிற நாடகங்கள் அவர் எழுதியவை. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்தினார். 1922-இல் புதுச்சேரியில் காலமானார். வயிற்றுப் பாட்டுக்காக நடிக்கிறவர்களின் நாடகம் அவருடையது. வேத்தியலும் பொதுவியலும் ராஜா இல்லாமலேயே திரும்பி வந்துவிட்டன என்று சொல்லலாம்.

அவர் விட்டுப்போன வழியில் வந்ததுதான் எங்கள் பக்கத்து ஸ்பெஷல் நாடகம். இதற்குக் கம்பெனி கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையாது. மதுரையிலிருந்து ஒருவர், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் என்று தனித்தனியாகப் பேசி வரவழைப்போம். ராத்திரி பத்து மணிக்கு மேல் மேடைக்குப் பின்னால் சந்தித்து, மேக்கப் போட்டு, விடியும் வரை ஒரு முழு நாடகத்தை ஆடிவிடுவார்கள். எல்லோருக்கும் பொதுவான பாடம் ஒன்று மனசில் இருப்பதால்தான் இது முடிகிறது. என் தொழில் பாஷையில் சொன்னால், எல்லாரும் ஒரே புரோட்டோகால் படித்து வைத்திருக்கிறார்கள்.

அதில் கதாநாயகனுக்குப் பெயர் ராஜபார்ட். இந்தச் சொல்லை யோசித்துப் பாருங்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ராஜா, ஜிகினா உடுப்புப் போட்டு மேடைக்கு ஏறிவிட்டார். எதிரே சமுக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கிற நாம்தான் அவருக்குக் கூலி கொடுக்கிறோம். பாட்டு பிடித்துப்போய் யாராவது மேடையேறி ராஜபார்ட் சட்டையில் ஐம்பது ரூபாய் நோட்டைக் குத்தினால், ஆட்டத்தை நிறுத்தி மைக்கில் அவர் பெயர், அப்பா பெயர் எல்லாம் சொல்லி நன்றி சொல்வார்கள். ஐம்பது ரூபாய்க்கு ஒரு நிமிட மெய்க்கீர்த்தி.

முன்வரிசையில் வெள்ளைக்கார அரசும் உட்கார்ந்திருந்தது, போலீஸ் உடுப்பில். 1876-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த போலீசை எதிரே வைத்துக்கொண்டு பாடியவர் விஸ்வநாத தாஸ். 1886-இல் சிவகாசியில் பிறந்தவர். வள்ளி திருமணத்தில் பறவை ஓட்டுகிற காட்சி வரும். அதில் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய வெள்ளைக் கொக்குப் பாட்டைப் பாடுவார். எந்த வெள்ளையை ஓட்டச் சொல்கிறார் என்று கூட்டத்துக்குத் தெரியும். திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் போனது. மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகளும் உண்டு. மேடையில் அவர் முருகன், கையெடுத்துக் கும்பிடுவார்கள். கீழே இறங்கினால் சாதி காத்துக்கொண்டிருக்கும்.

அப்பாவின் வரி நோட்டு

இங்கே என் வீட்டுக்கு வருகிறேன். என் அப்பா ரொம்ப வருஷம் எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு வரி நோட்டு எழுதியவர். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. இருக்கப்பட்டவனோ இல்லாதவனோ, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஒரே வரி. அந்தப் பணத்தில்தான் மேளம், ரேடியோ செட், நாடகம் எல்லாம். 120 கலம் நெல்லை ராஜா கொடுத்தார். எங்கள் நாடகத்துக்கு ஊரே சரிசமமாகக் கொடுக்கிறது. பொதுவியல் என்றால் இதுதானே என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அப்பா காலமான பிறகு அந்த நோட்டுகளை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து எக்செல்லில் ஏற்ற உட்கார்ந்தேன். தெரு வாரியாகப் பிரித்தேன். ஒரு தெரு மட்டும் வரவே இல்லை. விட்டுப்போய்விட்டதோ என்று எல்லா நோட்டையும் திரும்பப் புரட்டினேன். விட்டுப்போகவில்லை. கிழக்கே ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சனங்களிடம் வரி வாங்கும் வழக்கம் கிடையாது. வரி கொடுத்தால் சாமியில் பங்கு வந்துவிடும். கோயில் முன்னால் உட்கார்ந்து நாடகம் பார்க்கிற உரிமை வந்துவிடும். அதனால் வாங்கமாட்டார்கள்.

சின்ன வயதில் நான் பார்த்த காட்சி அப்போது ஞாபகம் வந்தது. சமுக்காளம் எல்லாம் முடிந்து, டியூப் லைட் வெளிச்சமும் முடிகிற இடத்தில், கருவேல மரத்தடியில் கொஞ்சம் பேர் விடிய விடிய நின்றுகொண்டே நாடகம் பார்ப்பார்கள். என் கூடப் படித்த பையன் ஒருத்தனும் அதில் நின்றான். "ஏன்டா, முன்னாடி வந்து உக்காரலாம்ல?" என்று மறுநாள் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. குளோப்பில் நின்று பார்த்தவன்கூட ஒரு பென்னி கொடுத்துவிட்டு நின்றான். இவர்கள் கொடுக்கத் தயாராக இருந்தும் வாங்க ஆளில்லை. அந்தப் பெயர்களை எழுதாமல் விட்ட கையெழுத்து என் அப்பாவுடையது. முத்து முத்தான கையெழுத்து.

நாடோடியும் மன்னனும்

இதற்கிடையில் ராஜாக்களுக்கு என்ன ஆனது? 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் சண்முக ராஜேஸ்வர சேதுபதி ராமநாதபுரத்தில் நின்று, ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டு ஜெயித்து, ராஜாஜி அமைச்சரவையில் மந்திரியானார். சேதுபதி, ஊர் ஜனத்தின் முன்னால் வந்து நின்றார்.

1977-இல் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சிறுவயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் நடித்தவர். 1958-இல் நாடோடி மன்னன் என்று படம் எடுத்தவர். அவர் அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று ஜெயித்து முதலமைச்சரானார். கூத்தாடியை நாடோடி என்று சட்டம் போட்டுப் பிடித்த உலகத்தில், எங்கள் வறண்ட சீமை ஒரு ராஜபார்ட்டைக் கோட்டைக்கே அனுப்பிவைத்தது. அந்தத் தேர்தலில் ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சனமும் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டுப் பெட்டி அவர்களிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாடக நோட்டீஸில் மட்டும் ‘இங்ஙனம்: விழாக் கமிட்டியார் மற்றும் பொதுமக்கள்’ என்று அச்சடித்துக்கொண்டிருந்தோம்.

இந்த வருஷம் நாடகமே என்று முடிவாகிவிட்டது. சின்னையா ஜெயித்துவிட்டார். பழைய மண் மேடை இருந்த இடத்தில் இப்போது சிமெண்டு மேடை. தொகுதி நிதியில் கட்டியது, நெற்றியில் எம்.எல்.ஏ. பெயர். டேப் வைத்து அளந்து பார்த்தேன், மாதவி மேடையைவிடக் கொஞ்சம் பெரிசு. அம்மனைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். கேரளத்துக் கூத்தம்பலங்களும் சன்னிதியைப் பார்த்துத்தான் இருக்கும். பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோயில்களில் கம்பராமாயணத்தை வைத்துத் தோல்பாவைக்கூத்து நடத்துகிறார்கள். எதிரே ஓர் ஆள் இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்காது. பகவதி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது கணக்கு.

குழுவில் நான் ஒரு மெசேஜ் போட்டேன். இந்த வருஷத்திலிருந்து கிழக்குத் தெருவுக்கும் சேர்த்து வரி எழுதலாம், நோட்டை நானே எழுதுகிறேன் என்று. நீல டிக் நிறைய விழுந்தது, பதில் வரவில்லை. ராத்திரி சின்னையா போன் பண்ணினார். "ஒங்கப்பன் எழுதாததை நீ எழுதப்போறியா?" என்றார்.

"சின்னையா, நாடகம் ஆத்தாவுக்குன்னு நீங்கதான சொன்னீங்க. ஆத்தா அவங்களையும்தான பாத்துக்கிட்டிருக்கா, இத்தனை வருசமா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஊர்க்கூட்டத்துல நீ நேர்ல வந்து பேசு. போன்ல பேசுறதெல்லாம் பேச்சா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.